நித்திய கல்யாணி வாசலில் இருக்கட்டும், டம்ளரில் வேண்டாம்

சர்க்கரை மாத்திரை வாங்க எங்கள் மருத்துவமனை மருந்தகத்துக்கு வந்த ஓர் அம்மா, "தம்பி, இந்த முறை பாதி கொடுத்தால் போதும்" என்றார். தினமும் வெறும் வயிற்றில் பத்து நித்திய கல்யாணிப் பூவும் ஒரு கைப்பிடி இலையும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறாராம். வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பு. பேச்சோடு பேச்சாக, "ஒரு மாதமாகக் கால்விரல் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை" என்றும் சொன்னார்.

எனக்குப் பகீரென்றது. புற்றுநோய்ப் பிரிவுக்கு நான் தயார்செய்து அனுப்பும் ஊசி மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது இந்தச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. சுண்டுவிரல் அளவுக் குப்பியில் 1 மில்லிகிராம் மருந்து இருக்கும். வெளிச்சம் படாமல் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டு, இருவர் சரிபார்த்த பிறகே ஊசிக்குள் ஏற்றுவோம். பெரியவர்களுக்கே பொதுவாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. சிரைக்குள் மட்டுமே செலுத்த வேண்டும். தவறித் தண்டுவடத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இத்தனை கவனத்தோடு கொடுத்தாலும் விரல் மரத்துப்போவதும் கடும் மலச்சிக்கலும் தாடை வலியும் பலருக்கு வருகின்றன.

சர்க்கரைக்கு மருந்து தேடிப் போனவர்கள்தான் இந்தச் செடிக்குள் புற்றுநோய் மருந்தைக் கண்டார்கள். மடகாஸ்கரில் பிறந்து உலகெங்கும் பரவிய செடி இது. ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையைத் தேநீராகக் குடித்தார்கள். 1950களில் அந்த இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது, ரத்த வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று கண்டு எலிகள் இறந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள், வெள்ளணு பெருகும் ரத்தப் புற்றுக்கு உதவக்கூடுமே! அந்தத் தடயத்தைப் பிடித்து நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. 1960களில் வின்கிறிஸ்டினும் மருந்தாக வந்தது.

இலையில் இந்த மருந்துப் பொருள்கள் மிக மிகக் குறைவு; ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். "அப்படியானால் கஷாயத்தில் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். இதே இலையில் இன்னும் எத்தனையோ ஆல்கலாய்டுகள், அதாவது உடலில் வீரியமாக வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள், உண்டு.  எந்தச் செடியில் எது எவ்வளவு என்று எந்தச் சமையலறையிலும் அளக்க முடியாது. அந்த அம்மாவின் கால் மரத்தது சர்க்கரையாலா, கஷாயத்தாலா? சர்க்கரை நரம்பை அப்படித்தான் தொடும்; கஷாயமும் தொடக்கூடும். மருத்துவராலும் உடனே பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் வேலையாகக் கஷாயத்தை நிறுத்தி, மாத்திரையை முழு அளவில் தொடரச் சொன்னார்.

கர்ப்பிணிகளும் குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் இந்தக் கஷாயத்தின் பக்கமே போகக் கூடாது. ஏற்கெனவே குடித்துவருபவர்கள் தயவுசெய்து உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டு விழுமே என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்துத் தருவது வேறு. கைப்பேசியில் வந்த குறிப்பு வேறு.

"அப்படியென்றால் செடியைப் பிடுங்கிவிடவா?" என்று அந்த அம்மா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். வருடம் முழுக்கப் பூப்பதால்தானே அந்தப் பெயர்! சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கிய இதை, தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் பயிராக்கி, ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, ஓராண்டில் வேரோடு எடுத்து மருந்துக்கு விற்கிறார்கள். வீட்டில் வளர்ப்பது அதைவிட எளிது. நல்ல வெயில் வேண்டும். மண்ணில் மணல் கலந்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் நின்றால் வேர் அழுகி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராகும். கிள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கசப்பால், வளர்ந்து நிற்கும் செடியை ஆடு மாடு தொடாது. ஆனால் வெட்டிப் போட்ட கிளை புல்லோடு கலந்தால் தின்றுவிடும். கழித்த கிளைகளைத் தொழுவத்துப் பக்கம் போடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.