1604க்குப் பிறகு அவன் ஆடவில்லை

இரவு பதினொன்று இருக்கும். அக்கா மகன் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து கைப்பேசியில் செஸ் ஆடிக்கொண்டிருந்தான். லிசெஸ் தளம், மூன்று நிமிட பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம். கடிகாரத்தில் நான்கு நொடி மிச்சமிருக்கும்போது மேட் வைத்தான். திரையில் 1598 என்றிருந்த அவன் ரேட்டிங், அதாவது திறமையை மதிப்பிடும் எண், 1604 ஆனது. முதல்முறையாக 1600ஐத் தாண்டியிருந்தான்.

"இன்னொண்ணு போடுடா, நல்லா ஆடுற" என்றேன்.

"வேண்டாம் மாமா, குறைஞ்சிரும்."

கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த ஒன்பது நாள் ஒரு பிளிட்ஸ் ஆட்டம்கூட ஆடவில்லை. செஸ் அலுத்துப்போய் விட்டவன் இல்லை. மற்றவர்கள் ஆடும் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த நான்கு இலக்கத்தைக் காப்பாற்றுவதற்காக, தனக்குப் பிடித்த விளையாட்டையே தள்ளிவைத்திருந்தான்.

இது அவன் ஒருவனின் குணம் இல்லை. ஆஷ்டன் ஆண்டர்சன், எட்டன் கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இணையத்தில் ஆடப்பட்ட 13.3 கோடி செஸ் ஆட்டங்களை அலசி 2018ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன் பழைய உச்ச ரேட்டிங்கை நெருங்கும்போது ஆட்டக்காரர்கள் கூடுதலாக முயல்கிறார்கள். அதைத் தாண்டியதும் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். மொட்டைமாடியில் நான் பார்த்தது அதில் ஒரு துளிதான்.

போட்டி விளையாட்டுகள் இந்த எண்ணை ஆட்டக்காரர் கண்ணில் காட்ட வேண்டுமா, உள்ளேயே வைத்துக்கொண்டு ஜோடி சேர்க்க மட்டும் பயன்படுத்த வேண்டுமா என்பது விளையாட்டு வடிவமைப்பாளர்களிடையே தீராத வழக்கு. பதில் சொல்வதற்கு முன், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அதன் தகப்பன் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960லும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970லும் ஏற்றுக்கொண்டன. முறை எளிமையானது. ஆட்டம் தொடங்கும் முன்பே, இரண்டு பேருக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தை வைத்து ஒரு கணிப்பு போடப்படும். சமமான எண் என்றால் பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், எண் அதிகம் உள்ளவர் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை) எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. 400 என்றால் ஏறத்தாழ 91.

ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை எடுத்து ஓர் எண்ணால் பெருக்குவார்கள். ஃபிடே கணக்கில் புதியவர்களுக்கு அது 40, பெரும்பாலானோருக்கு 20, ஒருமுறை 2400ஐத் தொட்டவர்களுக்கு 10. 1600 புள்ளிக்காரர் 1400 புள்ளிக்காரரை வென்றால், 20 என்ற பெருக்கியில் அவருக்குக் கிடைப்பது 4.8 புள்ளி. தோற்றாலோ 15.2 போய்விடும். "இது அநியாயம்" என்று தோற்றவருக்குத் தோன்றும். ஆனால் கணக்கு யாருக்கும் பரிசும் தரவில்லை, அபராதமும் போடவில்லை. உன்னைப் பற்றிய என் ஊகம் தப்பாக இருந்தது, கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன் என்கிறது, அவ்வளவுதான். நாமோ அதைச் சம்பாத்தியமாக நினைக்கிறோம். முழு சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது.

எலோவே இதைப் பற்றித் தெளிவாக இருந்தார். தண்ணீரில் ஏறி இறங்கும் தக்கையின் உயரத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது இந்த வேலை என்று 1962லேயே எழுதினார். அளக்கப்படும் திறமையும் ஆடுகிறது, அளக்கும் கோலும் ஆடுகிறது.

எவ்வளவு ஆடும்? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருடைய திறமை துளியும் மாறவில்லை, எப்போதும் தன் எண்ணுக்குச் சமமானவர்களோடுதான் ஆடுகிறார், வென்றால் 10 ஏறும், தோற்றால் 10 இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எண் தன் உண்மையான இடத்தைச் சுற்றி, மேலும் கீழும் 40 புள்ளி சர்வசாதாரணமாக ஊசலாடும். அவ்வப்போது 80 வரைக்கும்கூடப் போய்வரும். பூவா தலையா போட்டுப் பார்த்தாலும் இதே கதைதான்: 100 முறை சுண்டினால், எங்காவது தொடர்ந்து ஐந்து முறை பூ விழுவதற்கு 81 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றவன் "எனக்கு ஆட்டம் மறந்துபோச்சு" என்று படுத்துவிடுகிறான். நாணயத்துக்கு எதுவும் மறக்கவில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. உச்ச எண்ணைத் தொட்ட நாள் என்பது பெரும்பாலும் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்து வந்த நாள். ஆகவே உச்சம் பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அந்த உச்சத்தையே தன் சொந்த இடம் என்று மனம் பத்திரம் எழுதிக்கொண்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் நஷ்டமாகத் தெரியும். இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்பதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979ல் எழுதினார்கள்; பிந்தைய அளவீட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியென்றால், பாதி வென்று பாதி தோற்கும் ஒருவர், எண்ணைப் பார்த்துக்கொண்டே ஆடினால், நாள் முடிவில் மனக்கணக்கில் கடனாளியாகத்தான் எழுந்திருப்பார். நல்ல ஜோடி சேர்க்கும் முறை எல்லோரையும் கொண்டுபோய் நிறுத்தும் இடமோ அந்தப் பாதிக்குப் பாதிதான்.

ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு எலோ முறையில் பதில் கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்தவர் மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர். 1995ல் அவர் உருவாக்கிய கிளிக்கோ முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: ஒன்று ரேட்டிங், மற்றொன்று அதன் சந்தேக அளவு. நிறைய ஆடினால் சந்தேகம் சுருங்கும், ஆடாமல் கிடந்தால் மறுபடி விரியும். அந்த முறையின் இரண்டாம் வடிவத்தைத்தான் லிசெஸ் பயன்படுத்துகிறது. சந்தேக அளவு 110ஐத் தாண்டினால் ரேட்டிங் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். அந்தச் சின்னக் கேள்விக்குறி எனக்கு மிகவும் பிடித்த நேர்மை. வருத்தம் என்னவென்றால், சந்தேகம் குறைந்ததும் அது மறைந்துவிடுகிறது. சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லையே! நூறு நூறாக ஆட்டம் ஆடியவருக்கும் அங்கே அது 45க்குக் கீழே இறங்குவதில்லை.

மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகச் செய்த ட்ரூஸ்கில் முறை இந்த இரண்டு எண்களை வேறு விதமாகக் கையாண்டது. புதியவரின் திறமை 25 என்று தொடங்கும், சந்தேகம் 8.33. காட்டப்படும் எண்ணோ திறமையிலிருந்து சந்தேகத்தை மூன்று தடவை கழித்தது. ஆக எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள். ஆட ஆடச் சந்தேகம் குறைவதால், திறமை அப்படியே இருந்தாலும் திரையில் எண் ஏறிக்கொண்டே போகும். கணக்குப்படி நியாயமானது, மனசுக்கும் இதமானது. எண் நின்றுபோகும் இடம் வரும்வரை.

பெரிய குழு விளையாட்டுகள் இந்த வலியோடு பல வருஷம் போராடியிருக்கின்றன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தொடக்கத்தில் எலோ எண்ணை அப்படியே காட்டியது. 2013ல் அதை எடுத்துவிட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் கட்டியது. உண்மையான எண் உள்ளே போய், எம்.எம்.ஆர். (ஜோடி சேர்க்கும் ரேட்டிங்) என்ற பெயரில் ஒளிந்துகொண்டது. ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வென்றால் 18 புள்ளி, தோற்றால் 24 புள்ளி போகிறது என்றால், தன் மறைந்த எண், திரையில் தெரியும் படியைவிடக் கீழே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று சாவித்துவாரம் வழியாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. கூடவே சந்தேகங்களும்: "வேணும்னே தோக்கடிக்கிற டீமா பார்த்துப் போடுறாங்க". பாதிக்குப் பாதி என்பது கணக்கின் இயல்பு என்று தெரியாதபோது, அது சதியாகத்தான் தெரியும்.

ஓவர்வாட்ச் என்ற இன்னொரு குழு விளையாட்டின் கதை இன்னும் தெளிவு. 2016ல் முதல் சீசனில் 1 முதல் 100 வரை எண் காட்டினார்கள். இரண்டாம் சீசனிலேயே அதை 5000 வரை நீட்டினார்கள். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது எண்ணை அடியோடு எடுத்துவிட்டு, 7 வெற்றி அல்லது 20 தோல்விக்கு ஒருமுறை மட்டும் படி மாறும் என்றார்கள். பதற்றம் குறையும் என்று எதிர்பார்ப்பு. ஆனால் வாரக்கணக்கில் ஆடியவருக்கு, எந்த ஆட்டம் தன்னை ஏற்றியது, எது இறக்கியது என்று ஒன்றும் புரியவில்லை. 2024 பிப்ரவரியில் பழையபடி ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் முன்னேற்றத்தைக் காட்டத் தொடங்கினார்கள். இந்த முறை ஏன் கூடுதலாக ஏறியது, ஏன் குறைவாக இறங்கியது என்ற காரணத்தையும் சேர்த்து.

நம் பிள்ளைகள் "ரேங்க் புஷ்" என்று இரவெல்லாம் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான பிஜிஎம்ஐ வேறு வகை. அங்கே கடைசிவரை உயிரோடு இருப்பதற்கும் எதிரியை வீழ்த்துவதற்கும் புள்ளி, சீசன் முடிந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். அதில் திறமையும் உண்டு, செலவிட்ட நேரமும் உண்டு. அதைத் திறமையின் அளவீடாக மட்டும் எடுத்துக்கொண்டு அழும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

காட்டும் எண்ணுக்கு விலையும் வந்துவிடுகிறது. பணம் வாங்கிக்கொண்டு வேறொருவர் கணக்கில் ஆடி ரேங்க்கை உயர்த்தித் தரும் தொழில் தென்கொரியாவில் அவ்வளவு பெருகியது. 2018 டிசம்பரில் அதைத் தடுக்கச் சட்டமே திருத்தினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், மறைப்பதற்கு நான் எதிரி. என்னைப் பற்றி ஓர் இயந்திரம் ஊகம் வைத்திருக்கிறது, அதை வைத்து யாரோடு நான் ஆட வேண்டும் என்று முடிவு செய்கிறது என்றால், அந்த ஊகம் எனக்குத் தெரிய வேண்டும். செஸ்ஸில் எண் வெளிப்படையாக இருப்பதால்தான், 1986 முதல் இந்தியாவின் முதல் இடத்தில் இருந்த விஸ்வநாதன் ஆனந்தை 37 ஆண்டுக்குப் பிறகு, 2023 செப்டம்பர் பட்டியலில் அதே சென்னையைச் சேர்ந்த குகேஷ் தாண்டினார் என்பதை ஊர் முழுக்கக் கொண்டாட முடிந்தது. எந்த ஊர்ச் சிறுவனும் சிபாரிசு இல்லாமல் தன் எண்ணைக் காட்டிப் போட்டிக்குள் நுழையலாம்.

ஆனால் எதைக் காட்டுவது? "1604" என்று காட்டுவது முழு உண்மை இல்லை. "1514க்கும் 1694க்கும் நடுவில்" என்பதே, 45 சந்தேக அளவு வைத்திருக்கும் கணக்கு உண்மையில் சொல்வது (இரு பக்கமும் அந்த அளவின் இரண்டு மடங்கு). அந்தப் பட்டையைத் திரையில் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தால், ஓர் ஆட்டத்துக்கு ஆறு புள்ளி நகர்வது எவ்வளவு அற்பம் என்று கண்ணே சொல்லிவிடும். உச்ச எண்ணுக்குப் பதிலாக, கடந்த 100 ஆட்டத்தின் சராசரியைப் பெரிய எழுத்தில் போடலாம். 1970களில் ஃபிடே பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறைதான் வந்தது. அத்தனை தாமதம் வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்த கணத்தில், தோற்ற சூடு ஆறும் முன் சிவப்பு நிறத்தில் எண்ணைக் காட்டுவது தேவையே இல்லாத கொடுமை. குழு ஆட்டத்தில் ஒருவர் எண் மற்றவர் கண்ணில் படவே கூடாது என்பேன். ஐந்து பேர் சேர்ந்து தோற்றதற்கு, எண் குறைந்த ஒருவன் தலையில் பழி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பார்க்காமல் இருக்கும் உரிமையும் வேண்டும். லிசெஸ்ஸில் அது ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளில் ஒரு பட்டனை மாற்றினால் எல்லா ரேட்டிங்கும் கண்ணிலிருந்து மறையும். கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பத்தாம் நாள் அக்கா மகனிடம் அந்தப் பட்டனைக் காட்டினேன். தயங்கித் தயங்கி மாற்றினான். அன்று இரவே ஏழு ஆட்டம். ஒருநாள் தொடர்ந்து நான்கு தோற்று, தலையைச் சொறிந்துகொண்டு ஐந்தாவதும் போட்டான். முன்பெல்லாம் இரண்டோடு எழுந்துவிடுவான். மூன்று வாரம் கழித்து அவனே திறந்து பார்த்தான். 140 ஆட்டம் ஆடியிருந்தான். எண் 1571.

"முப்பத்திமூணு போச்சு மாமா" என்றான்.

ஒரு தாளில் கோடு போட்டு, நடுவில் 1571 எழுதி, இரு பக்கமும் பட்டையை வரைந்து காட்டினேன். 1604 எங்கே வருகிறது என்று அவனையே குறிக்கச் சொன்னேன். நடுவிலிருந்து ஒரு விரல் தள்ளிக் குறித்தான். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடைசி ஆட்டத்துல குதிரையை எங்க வெச்சிருக்கணும்னு பாக்கலாமா?" என்று கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினான்.