நீளத் தக்காளியும் நிற்கத் தவறிய நகலும்

பாலக்கோட்டைச் சேர்ந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் மண்டிக்கு வரும் நாட்டுத் தக்காளி தட்டை உருண்டையாக இருக்கிறது. சில ரகங்கள் மட்டும் நீளமாக வருகின்றன. நீளப் பழமெல்லாம் மரபணு மாற்றப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையா?”

உண்மை இல்லை. மரபணு மாற்றப்பட்ட தக்காளி எதுவும் இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் கிரேட்டு கிரேட்டாக ஏலம் போகும் பழங்கள் அனைத்தும் வழக்கமான இனக்கலப்பில் வந்தவையே. நீள்வட்டப் பழங்கள் பலவற்றுக்குக் காரணம் ‘ஓவேட்’ என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) மாற்றம். பள்ளிப் பாடத்தில் வரும் சாதாரணத் திடீர் மாற்றம்தான் அது. ஆனால் நன்றாக நீண்டு வளரும் சில ரகங்களின் கதை வேறு. அவற்றில் ஒரு மரபணுவின் நகல் 10ஆம் குரோமோசோமிலிருந்து 7ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறியிருக்கிறது. அதைச் செய்தது எந்த ஆய்வகமும் அல்ல, செடிக்குள்ளேயே குடியிருக்கும் நகரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று.

டி.என்.ஏ.வில் மரபணுக்கள் உண்டு, அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அதைக் கொண்டு புரதம் உருவாகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். மனித மரபணுத்தொகுதியில், அதாவது மொத்த டி.என்.ஏ.வில், புரதத்துக்கான குறிப்புகள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதும், ஏறத்தாழ பாதி நகரும் துண்டுகளாலும் அவற்றின் சிதைந்த எச்சங்களாலும் ஆனது என்பதும் அந்த அளவுக்குப் பரவலாகத் தெரியாத செய்தி. மக்காச்சோளத்தில் இந்தப் பங்கு 80 சதவீதத்தையும் தாண்டுகிறது. இத்துண்டுகளில் ஒரு வகை, இருந்த இடத்திலிருந்து தன்னையே வெட்டிக்கொண்டு வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வகை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தன் ஆர்.என்.ஏ. படியை வெளியே அனுப்பும். தலைகீழ் படியெடுப்பு நொதி அதை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்ற, அந்தப் புதிய நகல் வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும். மூலம் அப்படியே இருக்க நகல்கள் மட்டும் பெருகிக்கொண்டே போவதால், மரபணுத்தொகுதிகளைப் பெருக்க வைப்பதில் இரண்டாம் வகைக்கே பெரும்பங்கு.

தக்காளியில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது ‘ரைடர்’. சுமார் 5,000 எழுத்து நீளமுள்ள அதற்குத் தக்காளியின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 2,000 நகல்கள் உள்ளன. அதன் இரு முனைகளிலும் ஒரே எழுத்துத் தொடர் திரும்ப வருகிறது: இடது முனையில் படியெடுப்பு தொடங்க வேண்டும், வலது முனையில் நிற்க வேண்டும். என்றோ ஒரு செடியில், 10ஆம் குரோமோசோமில் இருந்த ஒரு ரைடர் நகலைப் படியெடுத்தபோது, அந்த வலது முனையில் படியெடுப்பு நிற்கவில்லை. தன் சுமையோடு பக்கத்துக் கடைக்காரரின் கிரேட்டுகளையும் ஏற்றிக்கொண்டு மண்டியை விட்டுக் கிளம்பிய லாரியைப் போல, அது எல்லையைத் தாண்டி அண்டை மரபணுக்களையும் சேர்த்துப் படியெடுத்துக்கொண்டே போனது. ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக மாறி முடிந்தபோது, 5,000 எழுத்தாக இருக்க வேண்டிய நகல் சுமார் 24,700 எழுத்தாக நீண்டிருந்தது. அது போய்ச் செருகிக்கொண்ட இடம் 7ஆம் குரோமோசோம்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வருவது. அந்த நீண்ட நகலுக்குள் இருந்த மரபணுக்களில் ஒன்று, பழத்தின் வளர்ச்சியோடு தொடர்புடையது. பழைய இடத்தில் அது அடக்கமாகவே இயங்கிவந்தது. புதிய இடத்தில் அது விழுந்ததோ, முற்றிலும் வேறு வேலைக்கான, தற்காப்புப் புரதத்தை ஒத்த ஒரு புரதத்துக்கான மரபணுவின் மீது. அந்த மரபணு சிதைந்துபோனாலும், அதை இயக்கிவந்த ஊக்கிப் பகுதி சிதையாமல் எஞ்சியது. வந்து சேர்ந்த மரபணு அதன் ஆணைக்குக் கீழ் வந்தது. அதன் விளைவாக, வளரும் பழத்தில் அந்த மரபணு மிகுதியாக இயங்கியது. செல்கள் குறுக்குவாக்கைவிட நெடுக்குவாக்கில் அதிகமாக அடுக்கப்பட்டன, பழம் நீண்டது. புரதத்தின் அமைப்பு மாறவில்லை. மாறியதெல்லாம் அது எங்கே, எவ்வளவு உருவாகிறது என்பதுதான். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எஸ்தர் வான் டெர் நாப்பின் குழு 2008இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டது. அந்த இடத்தின் பெயர் ‘சன்’.

ரைடரின் வேலை அதோடு முடியவில்லை. பழக்காம்பில் கணு இல்லாத தக்காளிகளில் ஒரு வகை, ஒரு மரபணுவுக்குள் ரைடர் செருகிக்கொண்டதால் வந்தது. காம்பும் புல்லியும் செடியிலேயே தங்கிவிட பழம் மட்டும் தனியே வருவதால், இயந்திர அறுவடை செய்யும் நாடுகளில் இக்குணம் மிகவும் விரும்பப்படுகிறது. சில மஞ்சள் தக்காளிகளிலும் நிறமி உருவாக்கும் மரபணுவை முடக்கியது ரைடரே. நீர்ப் பற்றாக்குறைக்கு உள்ளாகும் தக்காளிச் செடிகளில் ரைடர் விழித்துக்கொள்கிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பிப் பயிர் செய்யும் தருமபுரிக்காரர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கலாம். ஆனால் வறட்சியைத் தாங்குவதற்காகச் செடி வேண்டுமென்றே தன் மரபணுக்களை மாற்றிக்கொள்கிறது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். புதிய நகல்களில் பெரும்பாலானவை எதுவும் செய்வதில்லை, சில கேடு செய்கின்றன, மிக அரிதாக ஒன்று பயன்படுகிறது. எந்தச் செடியின் விதையை அடுத்த பருவத்துக்கு எடுத்துவைப்பது என்று தீர்மானித்தவர்கள் உழவர்கள்.

இத்துறையைத் தொடங்கிவைத்த பார்பரா மெக்லின்டாக், 1940களில் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை வைத்தே மரபணுத் துண்டுகள் இடம் மாறுவதைக் கண்டுபிடித்தார். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. நோபல் பரிசு 1983இல், அவருடைய 81ஆம் வயதில்தான் வந்தது. அவ்வளவு காலமும் அவர் ஆய்வைத் தொடர முடிந்ததற்கு, அமெரிக்காவின் கார்னகி ஆய்வு நிறுவனம் உடனடிப் பயன் எதையும் கேட்காமல் அவருக்குச் சம்பளமும் சோள வயலும் கொடுத்துவந்தது முக்கியக் காரணம். நம் நாட்டில் ஒவ்வொரு ஆய்வு முன்மொழிவிலும் உழவருக்கு மூன்றே ஆண்டுகளில் என்ன கிடைக்கும் என்று எழுதச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ரகத் தேர்வுக்கு இருக்கும் அதே மதிப்பு, சோள மணியின் புள்ளியை ஆராய்பவருக்கும் இருக்க வேண்டும்.

தனி மரபணுக்களை விட்டுவிட்டு மொத்த அளவைப் பார்த்தால், நகரும் துண்டுகளின் ஆற்றலுக்குத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் உள்ள வேறுபாடே போதிய சான்று. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் சுமார் 35,000 மரபணுக்கள் உள்ளன. இந்திய நிறுவனங்களும் பங்கேற்ற பன்னாட்டுக் குழு 2012இல் வெளியிட்ட தக்காளியின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 90 கோடி எழுத்துகள் கொண்டது. மிளகாயினுடையது 300 கோடிக்கும் மேல். இந்தப் பெருக்கத்துக்குப் பெரிதும் காரணம், மிளகாயின் முன்னோரில் நகல் எடுக்கும் துண்டுகள் மேலும் மேலும் பெருகியதே. இது ஒருவழிப் பாதையும் அல்ல. ஒரு துண்டின் இரு முனைகளும் ஒரே தொடராக இருப்பதால், அவை ஒன்றோடொன்று பொருந்தி இணையும்போது நடுவில் உள்ளது வெட்டுண்டு வெளியேறுகிறது. ஒற்றை முனை மட்டும் எஞ்சுகிறது. பல தாவர மரபணுத்தொகுதிகளில் இப்படித் தனித்துக் கிடக்கும் முனைகளை எண்ணியே, அங்கிருந்து எத்தனை துண்டுகள் இவ்வாறு நீங்கியிருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள்.