டெர்பி என்றால் பங்காளிப் போட்டி

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அன்று மீன் கடையில் இலிஷ் மீனுக்குக் கிராக்கி. நம் பக்கத்தில் உல்லம் என்பார்களே, அந்த மீன். மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்குக் கிராக்கி. இரண்டு கால்பந்து கிளப்புகளின் சண்டை அடுப்படி வரைக்கும் போயிருக்கிறது. இந்த ஆட்டத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘கொல்கத்தா டெர்பி’ என்று எழுதுகின்றன. ஏதோ பெரிய ஆட்டம் என்று வாசிக்கிறவருக்கு விளங்குகிறது. ஏன் பெரியது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அதைச் சொல்லும் சொல் தமிழில் இருக்கிறது. அதற்கு வருமுன் டெர்பி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஒரே ஊரை, அல்லது ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த இரண்டு அணிகள் மோதிக்கொள்ளும் ஆட்டத்துக்கு டெர்பி என்று பெயர். இங்கிலாந்துக்காரர் ‘டார்பி’ என்பார், அமெரிக்கர் ‘டர்பி’ என்பார். நாம் எழுத்தைப் பார்த்து ‘டெர்பி’ ஆக்கிக்கொண்டோம்.

மூலத்தில் இது ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பி என்ற நகரம் இருக்கிறது. கடல் தாண்டி வந்து குடியேறிய நார்ஸ் மொழிக்காரர்கள் வைத்த பெயர் அது. ‘பி’ என்று முடியும் ஊர்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அந்த ஈற்றுக்கு ஊர் என்று பொருள். முன்பாதி மானைக் குறிக்கும். தமிழில் சொன்னால் மானூர்.

ஆனால் விளையாட்டுக்கு இந்தப் பெயர் ஒரு பிரபுவின் பட்டம் வழியாக வந்தது. 12ஆம் டார்பி பிரபு எட்வர்ட் ஸ்மித்-ஸ்டான்லி குதிரைப் பிரியர். அவர் பெயரில் 1780இல் லண்டனுக்குத் தெற்கே எப்சத்தில் ஒரு குதிரைப் பந்தயம் தொடங்கியது. யார் பெயரை வைப்பது என்று அவரும் சர் சார்லஸ் பன்பரியும் காசு சுண்டிப் பார்த்தார்கள், டார்பி ஜெயித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த முதல் பந்தயத்தில் ஓடி ஜெயித்த டயோமெட் பன்பரியின் குதிரை. எப்சம் பந்தயத்தின் புகழ் பரவப் பரவ, பெரிய குதிரைப் பந்தயம் எல்லாமே டெர்பி ஆயிற்று. அமெரிக்காவில் 1875இல் கென்டக்கி டெர்பி தொடங்கியது. நம் கிண்டி மைதானத்திலும் தென்னிந்திய டெர்பி ஓடியிருக்கிறது. சென்னைக்காரர் பலர் இந்தச் சொல்லைக் கால்பந்துக்கு முன்பே ரேஸ் பக்கத்தில் படித்தவர்கள்தான்.

பிறகு, கூட்டம் அள்ளும் எந்தப் போட்டியையும் டெர்பி என்றார்கள். அதிலிருந்துதான் ‘உள்ளூர் டெர்பி’ என்ற தொடர் பிறந்தது. முதல் உலகப் போர் தொடங்கும் காலத்துக்குள் லிவர்பூலும் எவர்டனும் மோதும் ஆட்டத்துக்கு இந்தத் தொடர் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் ‘உள்ளூர்’ உதிர்ந்து, டெர்பி மட்டும் நின்றது.

இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். டார்பி நகரத்தில் நோன்புக் காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இரண்டு தேவாலயப் பங்குகளைச் சேர்ந்த சனங்கள் தெருத்தெருவாகப் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுவார்கள். கைகலப்பு தாங்காமல் 1846இல் அதை நிறுத்தினார்கள். பக்கத்து ஆஷ்போர்னில் இதே மாதிரி ஆட்டம் இன்றும் நடக்கிறது. கோல் இரண்டுக்கும் நடுவே மூன்று மைல் தூரம். ஓடைக்கு எந்தக் கரையில் பிறந்தோமோ அந்தக் கரைக்குத்தான் ஆட வேண்டும். அழகான கதை. ஆனாலும் சொல்லின் வேர் இதுதான் என்பதை நான் ஏற்கவில்லை. டெர்பி என்றாலே அக்கம்பக்கத்துச் சண்டை என்று பொருள் இருந்திருந்தால், அதற்கு முன்னால் ‘உள்ளூர்’ என்று தனியாகப் போடவேண்டிய தேவை வந்திருக்காது. குதிரைதான் முதலில் வந்திருக்கிறது.

ஸ்பானிய மொழிக்காரர்கள் ஒரு வேற்றுமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே ஊர் அணிகளான ரியல் மாட்ரிட்டும் அட்லெட்டிகோ மாட்ரிட்டும் ஆடினால் டெர்பி. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆடினால் ‘கிளாசிகோ’. இரண்டு பெரிய அணிகளின் பேராட்டம் என்று அதற்கு அர்த்தம். நம் விளையாட்டுப் பக்கங்களில் இரண்டும் கலந்துபோய், பலம் வாய்ந்த யார் யாரோடு ஆடினாலும் டெர்பி என்று எழுதுவதைப் பார்க்கிறேன். சொல்லுக்குள் பொருள் தெரியாமல் போனதால் வரும் பிசகு இது.

பொருள் தெரியும் சொல் ஆங்கிலத்திலேயே வேறொன்று இருக்கிறது. போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ‘ரீவாலிஸ்’ என்றால் ஒரே ஓடைத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவன். ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரோமானியர்களுக்குப் போட்டி என்றதும் மனதில் வந்தது வாளும் வேலும் ஏந்தியவன் இல்லை, மடையில் மண்வெட்டியோடு நிற்கிறவன்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பங்குக் கிணறுதான் கண்முன் வந்தது. பெரியப்பாவுக்கு மூன்று நாள், சித்தப்பாவுக்கு மூன்று நாள் முறை. முறை மாறும் நாளில் விடிகாலை ஆறு மணிக்கு மடை மாற்ற வேண்டும். சித்தப்பா ஐந்தே முக்காலுக்கே வாய்க்கால் தலைப்பில் மண்வெட்டியை ஊன்றி நிற்பார். “அண்ணே, மணி ஆறாச்சு.” “என் கடியாரத்துல இன்னும் அஞ்சு நிமிஷம் கெடக்கு.” அந்த ஐந்து நிமிஷமும் இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு சித்தப்பா ஒரே வெட்டில் மண்ணைப் பெயர்த்துப் பெரியப்பா பாத்தியை அடைப்பார், சேறு இருவர் வேட்டியிலும் தெறிக்கும். அதன்பின் ஒரு வாரம் பேச்சு இருக்காது. பெரியப்பா இறந்தபோது முதல் ஆளாக மூங்கில் வெட்டப் போனவரும் அந்தச் சித்தப்பாதான். பதினாறு நாளும் அவர் வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

இந்த உறவுக்குத் தமிழில் பெயர் பங்காளி. பங்கு, ஆளி: பங்கை ஆள்கிறவர். ஒரு தாத்தா சொத்தில் உரிமை உள்ளவர்கள், ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் தீட்டு காக்கிறவர்கள். பங்காளிக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கொண்டு கொடுக்கிறவர்கள் மாமன் மச்சான்கள்; அவர்களோடு கேலியும் கிண்டலும் உண்டு. பங்காளியோடு கேலி செல்லாது. வரப்பு, வாய்க்கால், கோயில் மரியாதை என்று எதை எடுத்தாலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். “பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு” என்ற பழமொழி அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

தாயாதி என்ற சொல்லும் இதே உறவைக் குறிக்கும். தாய் என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு; அது சரியில்லை. தாயம் என்றால் வழிவழியாக வரும் சொத்துரிமை. அதில் பாத்தியதை உள்ளவர் தாயாதி. பாண்டவரும் கௌரவரும் தாயாதிகள். பக்கத்து வயல் விளைந்தால் வயிறு எரிவதைத் தாயாதிக் காய்ச்சல் என்கிறோம். தெரியாதவன் வயல் விளைந்தால் அந்தக் காய்ச்சல் வராது.

இனி கால்பந்துக்கு வரலாம். புகழ்பெற்ற டெர்பிகள் பலவும் நிஜமாகவே பாகப்பிரிவினையில் பிறந்தவை. லிவர்பூல் ஆடும் ஆன்ஃபீல்ட் மைதானம் முதலில் எவர்டனுடையது. மைதான வாடகையில் தகராறு முற்றி, எவர்டன் 1892இல் பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிபோயிற்று. காலி மைதானத்தோடு நின்ற அதன் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல். இத்தாலியின் மிலன் கிளப்பில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது பற்றி மனத்தாங்கல் வந்து, ஒரு கூட்டம் 1908இல் பிரிந்துபோய் இன்டர் மிலனைத் தொடங்கியது. இன்று இரண்டும் சான் சிரோ என்ற ஒரே அரங்கத்தில் ஆடுகின்றன. ஒரே வீட்டில் குடியிருக்கும் பங்காளிகள்.

கொல்கத்தாக் கதை இன்னும் நெருக்கமானது. மோகன் பகான் 1889இல் பிறந்தது. 1911இல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வென்று, ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி அது. வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஜெயித்தவர்கள் என்று வங்கம் முழுக்கக் கொண்டாடியது. 1920 ஜூலையில் அதே மோகன் பகானோடு ஜோராபகான் என்ற கிளப் ஆட வேண்டியிருந்தது. ஜோராபகான் தன் ஆட்டக்காரர் சைலேஷ் போஸை வெளியே உட்கார வைத்தது. அவர் கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கிளப் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரிக்குப் பட்டது. அவர் வெளியேறி, நண்பர்களோடு சேர்ந்து ஆகஸ்ட் 1ஆம் தேதி புதுக் கிளப் தொடங்கினார். எந்த ஊரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அந்த ஊரையே கிளப்பின் பெயராக வைத்தார்: ஈஸ்ட் பெங்கால்.

மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளை ‘கோட்டி’ என்பார்கள், கிழக்கிலிருந்து வந்தவர்களை ‘பாங்கால்’ என்பார்கள். 1947இல் நாடு பிரிந்து, வீடு வாசலை விட்டு லட்சக்கணக்கானவர்கள் கொல்கத்தாவுக்கு வந்தபோது, அவர்களுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள எஞ்சியது அந்தக் கிளப்பின் பெயர். பேசுவது ஒரே வங்காளம், கொண்டாடுவது ஒரே துர்கா பூஜை, பிழைப்பு ஒரே நகரத்தில். அந்த நகரம் யாருடையது என்ற பங்குக் கணக்கு மைதானத்தில் நடந்தது. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய சாலே, வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான் ஐவரையும் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே அழைத்தார்கள். ஐவரும் நம் தென்னாட்டிலிருந்து போனவர்கள். தாயாதிச் சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்குமா?

1975 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் சால்ட் லேக் அரங்கத்துக்கு வந்தவர்கள் 1,31,781 பேர்; ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் ரசிகர்கள் 16 பேர் வீடு திரும்பவில்லை. இந்தப் பகைக்குள் அந்த வெறியும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

2024 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் பணியில் இருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்டு, நகரமே நீதி கேட்டுத் தெருவில் நின்ற நேரம். ஆகஸ்ட் 18 அன்று நடக்கவேண்டிய டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்தானது. ஆட்டம் இல்லாவிட்டாலும் இரண்டு கிளப் ரசிகர்களும் அரங்கத்துக்கு வெளியே வந்தார்கள். சிவப்பு மஞ்சள் கொடியும் பச்சை மெரூன் கொடியும் பக்கம் பக்கமாக நின்றன. போலீஸ் தடியடியையும் சேர்ந்தே வாங்கினார்கள். சாவு வீட்டில் மூங்கில் வெட்டப் போன சித்தப்பாவை அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

‘பரம எதிரிகள் மோதல்’ என்று நம் பத்திரிகைகள் எழுதுவது இதனால்தான் பொருந்தவில்லை. எதிரி நம் வீட்டுச் சாவுக்குத் தீட்டு காக்கமாட்டான். ‘கீரியும் பாம்பும்’ என்பதும் ஒட்டாது. கீரிக்கும் பாம்புக்கும் நடுவே பிரித்துக்கொள்ள ஒரு சென்ட் நிலம் இல்லை. ‘உள்ளூர்ப் போட்டி’ என்றால் கோயில் திருவிழாவுக்கு நடத்தும் ஆட்டம் போலத் தொனிக்கிறது. வங்காளிகள் தங்கள் பேச்சில் ‘பொரோ மேட்ச்’, அதாவது பெரிய ஆட்டம் என்பார்கள். அது அவர்களுக்குப் போதும், ஏனென்றால் எந்த ஆட்டம் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

பங்காளி என்ற சொல்லை வைத்தால் இன்னொரு நன்மை, அதுவே உரைகல்லாகவும் இருக்கும். டெர்பி என்று யார் சொன்னாலும் “பங்கு எதில்?” என்று கேட்டுவிடலாம். சென்னையின் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் ஆடினால் அதையும் தென்னிந்திய டெர்பி என்கிறார்கள். இரண்டும் 2014இல் ஐஎஸ்எல் தொடரோடு பிறந்தவை. பிறந்த அன்றே சூட்டிய பெயராக இருந்தால் அது வெறும் விளம்பரம். ஆனால் அந்த முதல் சீசன் அரையிறுதியில், கொச்சியில் 3-0 என்று தோற்ற சென்னை இங்கே நேரு விளையாட்டரங்கத்தில் மூன்று கோலையும் திருப்பி அடித்தது. கூடுதல் நேரம் முடியப்போகும் தறுவாயில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டுக் கேரளாவை இறுதிக்கு அனுப்பினார். அதைப் பார்த்தவர்களுக்கு அன்றே கொஞ்சம் தாயாதிக் காய்ச்சல் தொற்றியிருக்கும். பங்கு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

‘பங்காளி’ என்று இன்றைய பையன்கள் நண்பனைத்தானே கூப்பிடுகிறார்கள், ‘பங்கு, டீ சாப்பிடுவோமா’ என்கிறார்களே என்று கேட்கலாம். அது இந்தச் சொல்லுக்குப் பலம்தான். கூட்டாளி, போட்டியாளி என்ற இரண்டும் அதில் எப்போதும் இருந்தன. டெர்பிக்கு வேண்டியதும் அந்த இரண்டுமே.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பங்காளி ஆட்டம்’ என்று போட்டால், பேச்சுவழக்கில் ‘பங்காளியாட்டம்’, அதாவது பங்காளியைப் போல என்று காதில் விழும். “என்னடா பங்காளியாட்டம் மொறைக்கிறே” என்போமே, அந்த ஆட்டம். அதனால் எழுத்தில் ‘பங்காளிப் போட்டி’ என்று ஒற்று மிகுத்து எழுதுவது நல்லது. பேச்சில் ‘பங்காளி மேட்ச்’ போதும். கொல்கத்தா பங்காளிப் போட்டி, மிலன் பங்காளிப் போட்டி, லிவர்பூல் பங்காளிப் போட்டி. “ஞாயித்துக்கிழமை பங்காளி மேட்ச் இருக்கு, எங்கேயும் கூப்பிடாதே.”