பால்கனி ஆன்டெனா: மீட்டர் சொல்லாத கணக்கு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசுபவர்கள்) பலர் அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் பேச அரை அலை டைபோல் (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா) கட்டினால் ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி ஓட வேண்டும். பால்கனியின் நீளமோ பெரும்பாலும் 4 மீட்டரைத் தாண்டாது. "ஒரு மீட்டர் நீளம் போதும், எல்லா அலைவரிசையும் கிடைக்கும்" என்ற விளம்பரங்கள் இங்கேதான் வலை விரிக்கின்றன. ஆன்டெனா பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். சிறிய ஆன்டெனா வேண்டாம் என்று நான் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் அது சுருங்கிய அளவுக்கு வேறெங்கோ ஒரு விலை வாங்கும். அந்த விலை எது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

"எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.1 வந்துவிட்டது, பிறகென்ன?" என்பதுதான் என் காதில் அடிக்கடி விழும் கேள்வி. ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்கும் கருவி அது; 1.0 என்றால் முழுப் பொருத்தம். கேபிள் வழியே திரும்பி வரும் சக்தி குறைவு என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. போன சக்தி வானில் பரவியதா, கம்பியிலும் மூட்டுகளிலும் சூடாகித் தீர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. அலையே வீசாமல் சக்தியைச் சூடாக்கித் தின்னும் 50 ஓம் டம்மி லோடைச் செருகினாலும் மீட்டர் அருமையாக 1.0 காட்டும்.

காந்த லூப் ஆன்டெனாவையே எடுத்துக்கொள்வோம்: ஒரு குழாய் வளையம், அதன் இரு முனைகளையும் இணைத்து அலைவரிசைக்கு இசைக்கும் ஒரு கெபாசிட்டர். 22 மில்லிமீட்டர் செம்புக்குழாயை ஒரு மீட்டர் விட்டத்தில் வளைத்தால், 14 மெகாஹெர்ட்ஸில் அதன் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் சக்தியைக் குறிக்கும் தடை) ஏறத்தாழ 0.1 ஓம். சக்தியைச் சூடாக்கி வீணடிக்கும் குழாயின் இழப்புத் தடை அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆக, மூன்றில் இரண்டு பங்கு சக்தி வெளியேறும். பால்கனிக்கு இது நல்ல கணக்கு. அதே வளையத்தை 7 மெகாஹெர்ட்ஸில் இயக்கினால் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓமுக்கு இறங்கிவிடும். இழப்பு அந்த வேகத்தில் குறையாது. ஆறில் ஒரு பங்கு வெளியேறினால் பெரிது.

இப்படிப்பட்ட எண்களில் ஒரு மூட்டு மோசமானாலே ஆட்டம் முடிந்தது. பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு ஃப்ளாட்டில் பார்த்த லூப்பில், கெபாசிட்டரைக் குழாயோடு இணைத்திருந்தது பித்தளைக் கவ்வி. கடற்காற்றில் கவ்விக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மீட்டரில் 1.2, ஆனால் யாருக்கும் வீட்டுக்காரரின் குரல் எட்டவில்லை. களிம்பைச் சுரண்டி, கவ்வியை எடுத்துவிட்டு, செம்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்தோம். இரும்பு கிரில்லை ஒட்டிக் கட்டியிருந்த வளையத்தை ஒரு மீட்டர் உள்ளே தள்ளினோம். அன்று மாலையே பாங்காக்கிலிருந்து பதில் வந்தது.

பயப்பட வேண்டிய இடத்தில் பலர் பயப்படுவதில்லை. முன்பு கணக்கிட்ட அந்த ஒரு மீட்டர் லூப்பில் 100 வாட் செலுத்தினால் கெபாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே 5,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழும். துணி உலர்த்த வருபவரின் கையோ, பிள்ளையின் விரலோ அங்கே படக்கூடாது. ரேடியோ அலைத் தீக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஆழமாகச் சுடும். ஒரு முனையில் மட்டும் சக்தி செலுத்தும் நீளக்கம்பி ஆன்டெனாவின் நுனிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பால்கனி லூப்புக்கு நான் வைக்கும் வரம்பு 10 வாட், ஆளுக்கும் வளையத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மீட்டர். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமுமான கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரில் கம்பி நில இணைப்பு ஆகாது. கட்டடத்தின் இடிதாங்கியில் உங்கள் கேபிளைக் கட்டவும் கூடாது. வானம் இருட்டும் முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடி கேட்ட பிறகு அதைத் தொடாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு: இடத்துக்கேற்ற அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது. 28 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு 5 மீட்டர் கம்பியே போதும். இரு நுனிகளையும் சற்று மடக்கிவிட்டால் பால்கனியில் அடங்கிவிடும். கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்க, அதைச் சில சுற்று ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் சுற்றுங்கள். பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியில் உங்கள் குரல் கேட்கும் வாய்ப்பு அதனால் குறையும்; மின்விளக்குகளின் இரைச்சலும் ஓரளவு அடங்கும். சூரியப்புள்ளிகள் மிகுந்து, மேல்வானம் இந்த அலைகளைத் திருப்பியனுப்பும் ஆண்டுகளில் 10 வாட்டில் கண்டம் தாண்டலாம்.

இன்னொன்று. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் தரும் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி (வானொலியில் உங்களுக்கான பெயர்) வானொலியில் பேசத்தான் அனுமதி; வெளிச்சுவரில் துளையிட அல்ல. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாக விதிமுறைகளின்படி கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கூரையும் பொதுச்சொத்து. கடிதம் எழுதும்போது ஆன்டெனாவின் அளவு, எடை, சக்தி, மாட்டும் முறை ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு படத்தையும் இணையுங்கள். பேசாத நேரத்தில் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன் என்ற வரியையும் சேர்த்தால், மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் குறைவு.