ஹெட்கேனன்

பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர் புனைவு எழுதுகிறவர்களிடம் சற்று நேரம் பேச்சுக் கொடுத்தால் இப்படி ஒரு வாக்கியம் எப்படியும் வந்து விழும்: "அவன் தனியா இருக்கும்போது பழைய காதல் பாட்டுதான் கேப்பான். அது என் ஹெட்கேனன்." மூலக்கதையில் அப்படி ஒரு வரி இருக்காது, அதை மறுக்கும் வரியும் இருக்காது. அந்த இடைவெளியில் ஒரு வாசகர் தன் மனத்தளவில் உண்மையென்று வைத்துக்கொண்ட செய்திதான் ஹெட்கேனன். அதையே பலரும் ஏற்று எழுதத் தொடங்கிவிட்டால் பெயர் மாறி ஃபேனன் ஆகிவிடும்.

'ஹெட்' தலை. 'கேனன்'தான் நீண்ட தூரம் நடந்து வந்த சொல். (நம் காதுக்குக் கேனயனின் தம்பிபோல் ஒலிப்பதற்கு அது பொறுப்பல்ல.) கிரேக்கத்தில் 'கனோன்' என்றால் நேரான கோல், அளவுகோல். அதற்கும் அடியில் நாணலைக் குறிக்கும் செமிட்டிய வேர் இருக்கிறது. அளக்கும் கோல் நாளடைவில் நெறியையும் குறித்தது. தமிழிலும் கோல் அதே வழியில்தான் போயிருக்கிறது: முழக்கோல் அளக்கிறது, செங்கோல் ஆள்கிறது. பிறகு கிறித்தவத் திருச்சபை, ஏற்கப்பட்ட மறைநூல்களின் பட்டியலுக்கு அச்சொல்லை எடுத்துக்கொண்டது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு தம் மடலில் வரிசைப்படுத்தியது 367இல்.

மறைநூலிலிருந்து துப்பறியும் கதைக்கு அது தாவியது ஒரு விளையாட்டால். 1911இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், விவிலிய ஆய்வாளர்களின் பாணியைக் கிண்டல் செய்து ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். கோனன் டாயில் எழுதிய 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் 'கேனன்' என்று வழங்குவதற்கு அந்தக் கிண்டலைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள்.

ஹோம்ஸையே எடுத்துக்கொள்வோம். அவரிடம் 55 ஷில்லிங்குக்கு வாங்கிய ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் இருக்கிறது, பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லாசுஸின் பல்குரல் இசையைப் பற்றி ஆய்வுநூல் எழுதுகிறார். இவை கேனன். இன்றைய காலத்துக்கு அவரைக் கொண்டுவந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அதில் என்ன ஓடுகிறது என்று தீர்மானித்தால் அது ஹெட்கேனன். பல்குரல் பின்னலை ரசிக்கிற ஆள், ஐந்து வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்தும் ஜாஸைக் கேட்பார் என்றால் நம்புவேன். எழுதுகிறவருக்குப் பிடித்த பாப் குழுவின் ரசிகர் என்றால், மன்னிக்கவும். கதையில் வரும் ஏழு பேருக்கும் ஒரே பாடல் பட்டியல் அமைந்துவிடுவது இந்த வகை எழுத்தின் தீராத நோய்.

ரசனையால் ஆளைக் காட்டுவது நமக்கும் பழையதுதான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறது. எந்த நிலத்தான் என்பதை அவன் காதில் விழும் இசையே சொல்லிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தலைமூலம்' என்று நேர்க்குநேர் பெயர்த்தால் வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள். 'மனக்கோல்' வேரோடு ஒட்டுகிறது. ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு 'மனக்கோலம்' ஆகிவிடும். 'கற்பனை' போதாது, கதையில் எல்லாமே கற்பனைதானே. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'வழக்கு'. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று தொல்காப்பியமே புழங்கிய சொல். ஒரு கூட்டத்தார் ஏற்று நடத்துவது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே கேனன் மூலவழக்கு, ஃபேனன் ரசிகர் வழக்கு, ஹெட்கேனன் மனவழக்கு. "அவன் பழைய காதல் பாட்டுதான் கேப்பான், அது என் மனவழக்கு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

வழக்கு என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் தயங்கினார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ரசிகர்கள் வெவ்வேறு பாட்டைச் சூட்டிவிட்டு மோதிக்கொள்வதை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.