வெயிலில் காயாமல் பழுப்பு நிறம்: வெளிர் தோலுக்கு செல்ஃப் டேனரைத் தேர்ந்தெடுத்தலும் பூசுதலும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு புறநகர்ப் பகுதியின் மருந்துக் கடையில் நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். இங்கே செப்டம்பர் மாதம் வசந்தம் தொடங்கியவுடன், குளிர்காலம் முழுவதும் துணிக்குள் இருந்து வெளுத்துப்போன கைகால்களோடு பெண்களும், அண்மைக்காலமாக ஆண்களும், செல்ஃப் டேனர் வைத்திருக்கும் அடுக்கின் முன் வந்து நிற்பார்கள். வெயிலில் காய்ந்தது போன்ற பழுப்பு நிறத்தை வெயிலே படாமல் தரும் பூச்சுக்குத்தான் அந்தப் பெயர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், செம்பட்டைத் தலைமுடியும் பால் போன்ற தோலும் உடைய ஒரு மணப்பெண் என்னிடம் வந்து, இரண்டு நாளில் நடக்கவிருந்த தன் திருமணத்திற்கு எதை வாங்கலாம் என்று கேட்டார். நிறம் சில நாளாவது நிற்க வேண்டும் என்று அவர் சொன்னதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ‘டார்க்’ என்று எழுதியிருந்த புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மாலை அவர் திரும்பி வந்தபோது உள்ளங்கைகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன; கணுக்கால்களைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற வளையங்கள் தெரிந்தன. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; அழுதார். நாம் வளர்ந்த ஊர்களில் இப்படியொரு பொருளை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆலோசனை சொல்லும் இடத்தில் நிற்பவருக்கு அது சமாதானம் ஆகாது. இந்நாட்டு மருந்துக் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் இன்று தமிழர் பலர் வேலை செய்கிறார்கள். அவர்கள் என் தவற்றைத் திரும்பச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், வெளிர் தோலுக்கு இந்தப் பூச்சு ஏன் வெறும் ஒப்பனை விஷயம் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் வகுத்த தோல் வகைப்பாட்டில், முதல் வகையினர் வெயிலில் எப்போதும் வெந்து சிவப்பார்களே அன்றி ஒருபோதும் பழுப்பாவதில்லை. இரண்டாம் வகையினர் எளிதில் வெந்து, மிகச் சிறிதளவே பழுப்பாவார்கள். ஐரிஷ், ஸ்காட்டிஷ் வம்சாவளியினர் மிகுந்த ஆஸ்திரேலியாவில், 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கேனும் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. இதற்கு நடுவில்தான் புற ஊதாக் கதிர் விளக்குகளின் கீழ் படுத்து நிறம் ஏற்றிக்கொள்ளும் ‘சோலேரியம்’ நிலையங்கள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இயங்கின. மெல்பர்ன் நகரைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் முற்றிய நிலையில் அவற்றுக்கு எதிராகப் பொதுவெளியில் பேசி, 2007இல் தம் 26ஆம் வயதில் இறந்தார். 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இத்தகைய விளக்குகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. வணிக நோக்கில் நடத்தப்பட்ட சோலேரியங்களைப் பெரும்பாலான மாநிலங்கள் 2015இன் தொடக்கத்துக்குள்ளும், மேற்கு ஆஸ்திரேலியா 2016இலும் தடை செய்தன. ஆகவே பழுப்பு நிறம் வேண்டும் என்று ஒரு வெளிர் தோல்காரர் கேட்கும்போது, அந்த ஆசையைக் குறை கூறுவதைவிட அதைப் புட்டியிலிருந்து பெறும் வழியைச் சரியாகக் கற்றுக்கொடுப்பதே நம் கடமை என்று கருதுகிறேன். புட்டி ஏமாற்றினால் அவர் மறுபடியும் மணலில் போய்ப் படுத்துக்கொள்வார்.

இந்தப் பூச்சுகளில் ஏறக்குறைய அனைத்திலும் வேலை செய்யும் பொருள் டைஹைட்ராக்ஸி அசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. இது மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட எளிய சர்க்கரை. பொதுவாகக் கிளிசரினை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து எடுக்கப்படுகிறது. தோலின் மிக மேலடுக்கில் இறந்த செல்கள் படிந்திருக்கின்றன அல்லவா, அவற்றின் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை சேரும்போது பழுப்பு நிறப் பொருட்கள் உண்டாகின்றன. தோசைக் கல்லில் மாவு முறுகிச் சிவப்பதும் இதே வகை வினைதான்; 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மெய்யாரின் பெயரால் வழங்குகிறது. நிறம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஒரு நாளைக்குள் ஏறக்குறைய முழுமையடைந்து, மேலடுக்குச் செல்கள் உதிர உதிர ஒரு வாரம் போல மங்கி மறைகிறது. தோலுக்கு இயல்பாக நிறம் தரும் மெலனின் இதில் சிறிதும் கூடுவதில்லை.

1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், கிளைக்கோஜன் சேமிப்பு நோய் என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்தச் சர்க்கரையை வாய்வழி கொடுத்துவந்த மருத்துவர் ஈவா விட்கென்ஸ்டைன், அது சிந்திய இடங்களில் தோல் பழுப்பாவதையும் துணியில் கறை படியாததையும் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்துதான் இந்தப் பொருள் ஒப்பனைக்கு வந்தது. 1960ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த முதல் பூச்சுகள் ஆரஞ்சு நிறத்துக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பழைய அவப்பெயரை இன்றும் என் வயதான வாடிக்கையாளர்கள் மறக்கவில்லை.

ஆரஞ்சு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். தோல் ஏற்கக்கூடிய அளவைவிட டி.எச்.ஏ. மிகுந்திருந்தால், உண்டாகும் நிறத்தில் மஞ்சளும் சிவப்பும் தூக்கலாகத் தெரிகின்றன. நடுத்தர நிறத்தவரிடம் அடியிலுள்ள மெலனின் அதைத் தன்னுள் வாங்கி மறைத்துக்கொள்ளும். மிக வெளிர்ந்த தோலில் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை, வெள்ளைத் தாளில் விழுந்த தேநீர்த் துளி போல அது தனித்துத் தெரியும். சவர்க்காரத்தின் காரத்தன்மை தோலில் மிச்சமிருந்தாலும் இதே விளைவு ஏற்படும், ஏனெனில் இந்த வினை தோலுக்கு இயல்பான இலேசான அமிலத்தன்மையில்தான் நல்ல பழுப்பைத் தருகிறது. பழைய புட்டியும் ஒரு காரணம். வெப்பத்தில் டி.எச்.ஏ. சிதையும்; கோடையில் காருக்குள் கிடந்த புட்டியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் எறிந்துவிடச் சொல்கிறேன்.

ஆகவே வெளிர் தோலுக்கு முதல் விதி, விரும்பும் நிறத்தைப் பார்த்துப் புட்டியைத் தேர்ந்தெடுக்காமல், இருக்கும் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே. மூன்று முதல் ஐந்து விழுக்காடு டி.எச்.ஏ. உள்ள ‘லைட்’ வகையோ, அதைவிடக் குறைவாகச் சேர்த்துத் தினமும் பூசுவதற்கென்றே செய்யப்படும் ‘கிராஜுவல் டேன்’ மாய்ஸ்சரைசரோ போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கொண்டுவந்த விதிப்படி அங்கே செல்ஃப் டேனர்களில் இது பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; வேறு நாடுகளில் அதைவிடச் செறிவானவையும் கிடைக்கின்றன, ‘அல்ட்ரா டார்க்’ என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் அத்தகையவை. விழுக்காட்டை எல்லா நிறுவனங்களும் அச்சிடுவதில்லை. உட்பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுவதால், டைஹைட்ராக்ஸி அசிட்டோன் பட்டியலில் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். எரித்ருலோஸ் என்ற நான்கு கார்பன் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் நல்லது என்பது என் அனுபவம். அது மெதுவாக நிறம் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து மங்கும்போது திட்டுத்திட்டாகத் தெரிவது குறைகிறது. எளிதில் கன்றிச் சிவக்கும் இளஞ்சிவப்புச் சாயல் உள்ளவர்களுக்குப் பச்சை அடிநிறம் சேர்த்தவற்றையும், மஞ்சள் சாயல் உள்ளவர்களுக்கு ஊதா அடிநிறம் சேர்த்தவற்றையும் பரிந்துரைக்கிறேன்.

பூசியவுடனேயே கண்ணாடியில் தெரியும் பழுப்பு, பல பூச்சுகளில், எங்கெல்லாம் பூசினோம் என்று காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட கழுவினால் போகும் சாயம் மட்டுமே. புதிதாகப் பூசுபவர்களுக்குச் சாயமுள்ள நுரைப் பூச்சே ஏற்றது. விட்டுப்போன இடம் உடனே தெரியும். ஆனால் அந்தச் சாயத்தைப் பார்த்து நிறம் போதவில்லை என்று இரண்டாம் முறை பூசிவிடக் கூடாது. உண்மையான நிறம் மறுநாள்தான் தெரியும்.

பூசுவதற்கு முதல் நாளே ஆயத்தம் தொடங்க வேண்டும். முடி மழிப்பதையும் மெழுகிட்டு நீக்குவதையும் 24 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்; உடனே பூசினால் மயிர்க்கால்களில் நிறம் தங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். எண்ணெய்ப் பசையற்ற தேய்ப்பானால் முழங்கால், முழங்கை, குதிகால் ஆகியவற்றை மென்மையாகத் தேய்த்து, நன்றாக நீர்விட்டு அலசி, முற்றிலும் உலரவிட வேண்டும். வாசனைத் திரவியமும் டியோடரன்ட்டும் அன்று வேண்டாம். பிறகு, என் மணப்பெண் வாடிக்கையாளருக்கு நான் சொல்ல மறந்த ஒன்று: மேலடுக்கு தடித்தும் வறண்டும் இருக்கும் இடங்கள் நிறத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால், முழங்கால், முழங்கை, கணுக்கால், மணிக்கட்டு, விரலிடுக்கு ஆகியவற்றில் மட்டும் சாதாரண மாய்ஸ்சரைசரை மெல்லியதாகத் தடவ வேண்டும். பொன்னிறப் புருவமும் முடியும் உள்ளவர்கள் புருவத்திலும் நெற்றியோர முடியிலும் சிறிது வாஸ்லைன் இட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவையும் நிறம் மாறிவிடும்.

வெறுங்கையால் பூசக் கூடாது. வெல்வெட் போன்ற துணியாலான உறை கடைகளில் ‘மிட்’ என்ற பெயரில் கிடைக்கும். அதில் இரண்டு மூன்று அழுத்து நுரை எடுத்து, கெண்டைக்காலிலிருந்து தொடங்கித் தொடை வழியாக மேலேறி, வயிறு, மார்பு, கைகள் என்று பெரிய வட்டங்களாக விரைந்து பரப்ப வேண்டும். பாதத்திற்கும் புறங்கைக்கும் புதிதாக நுரை எடுக்காமல் உறையில் மிஞ்சியிருப்பதைக் கொண்டே இறுதியில் தொட்டுத் தேய்த்தால் போதும். விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு பூசினால் முட்டிகளில் கோடு விழாது. முதுகுக்கு இன்னொருவர் உதவி தேவை. முகத்திற்கு உடல் பூச்சைப் பயன்படுத்துவதைவிட, மாய்ஸ்சரைசரில் இரண்டு சொட்டுக் கலந்து பூசும் வகை இயல்பாக இருக்கும். ரெட்டினாய்டு, கிளைக்காலிக் அமிலம் முதலிய களிம்புகளைப் பயன்படுத்துபவர்களுக்கு முகத்தில் நிறம் விரைவாகவும் சீரின்றியும் உதிரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதினைந்து நிமிடம் உலர்ந்தபின் தளர்வான கருநிற உடை அணிந்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் நீரும் வியர்வையும் படாமல் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கழுவக்கூடிய ‘எக்ஸ்பிரஸ்’ வகைகள் வெளிர் தோலுக்கு வசதியானவை. சீக்கிரம் கழுவினால் இளநிறம், தாமதித்தால் அடர்நிறம். கழுவிய பிறகும் சில மணி நேரம் நிறம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எந்த விழாவுக்காக வேண்டுமோ அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒருமுறை முழுதாகப் பூசிப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கும் முன்பாக, முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒன்றிரண்டு நாள் பார்க்க வேண்டும்; ஒவ்வாமை பெரும்பாலும் டி.எச்.ஏ.யினால் வராமல், நறுமணப் பொருட்களாலும் பதப்படுத்திகளாலுமே வருகிறது. கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் ப்ளீச்சும் வேண்டாம், வெளிர் தோல் அவற்றால் புண்ணாகும். குளியல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, வெந்நீரில் துணியால் பொறுமையாகத் தேய்த்து, மறுநாளும் அதையே செய்தால் நிறம் வெகுவாக இறங்கும். அந்த மணப்பெண்ணுக்கு நாங்கள் கடையின் பின்னறையில் அப்படித்தான் செய்தோம். திருமண நாள் காலையில் உள்ளங்கைகள் ஏறக்குறையத் தெளிந்துவிட்டன, கணுக்கால்களை நீண்ட அங்கி மறைத்துக்கொண்டது.

வாடிக்கையாளர் புட்டியோடு கடையை விட்டுச் செல்லுமுன் நான் தவறாமல் சொல்லும் ஒன்று உண்டு. இந்தப் பழுப்பு வெயிலிலிருந்து காப்பதில்லை. அது தரும் சிறு பாதுகாப்பு, வெயில் காப்பைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். அளவில் மூன்று நான்கைத் தாண்டாது, அதுவும் நிலைப்பதில்லை. பூசிய முதல் 24 மணி நேரத்தில் வெயில் பட்டால் தோலில் தீங்கு செய்யும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்ற நிலையற்ற மூலக்கூறுகள் வழக்கத்தைவிட அதிகமாக உண்டாவதாக, செறிவான டி.எச்.ஏ.யைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே இரவில் பூசுவதும், மறுநாள் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனும் தொப்பியும் இன்றி வெளியே செல்லாதிருப்பதும் நல்லது. அழகு நிலையங்களில் தெளித்துக்கொள்பவர்கள் கண், உதடு, மூக்கு ஆகியவற்றை மூடிக்கொள்ள வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டி.எச்.ஏ.யை வெளிப்பூச்சுக்கு மட்டுமே ஏற்றிருக்கிறது, மூச்சில் செல்வதற்கு அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களை நான் நுரைப் பூச்சுக்கே அனுப்புகிறேன். தோலைக் கருக்கச் செய்வதற்கென்று இணையத்தில் விற்கும் மெலனோட்டன் ஊசிகளையும் மூக்குத் தெளிப்பான்களையும் பற்றி யார் கேட்டாலும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் இல்லாத அவை, மச்சங்களைக் கருக்கச் செய்பவை.

மச்சங்களைப் பற்றி இன்னொன்று. பூச்சின் நிறம் மச்சத்தின் மேலும் படிந்து அதன் தோற்றத்தை மாற்றும் என்பதால், தோல் பரிசோதனைக்குச் செல்பவர்கள் நிறம் முழுதும் உதிர்ந்த பிறகே செல்ல வேண்டும். முடியாவிட்டால் பூசியிருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதே புட்டியை வாங்க வரும் தமிழர் சிலரும் உண்டு. வெண்குஷ்டம் என்ற தவறான பெயரால் நம் ஊரில் பலரை ஒதுங்கி வாழச் செய்த வெண்புள்ளி, ஒட்டாத நோய், குஷ்டமும் அல்ல. அதன் திட்டுகளைச் சுற்றியுள்ள நிறத்தோடு இசையச் செய்ய டி.எச்.ஏ. நன்றாக உதவுகிறது. இங்கே விதி சற்று மாறும். அடர்த்தி கூடிய பூச்சை, பஞ்சு முனையால் திட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்தி, மெல்லிய படலங்களாக நாளுக்கு ஒன்று என ஏற்றி, நிறம் பொருந்தியதும் நிறுத்தி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விளிம்பைத் தாண்டினால் சுற்றியுள்ள தோலும் கருத்துப்போய், நிற வித்தியாசம் தெரிந்துவிடும். மெலனின் அற்ற அந்தத் திட்டுகளுக்கும் சன்ஸ்கிரீன் கட்டாயம். ஒளிச்சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவர்கள் மட்டும், பூச்சு கதிர்களில் ஒரு பகுதியைத் தடுக்கக்கூடும் என்பதால், எந்த நாட்களில் பூசலாம் என்பதைத் தங்கள் தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.