சேனல் யாருடையது? பங்குப் பட்டியலுக்கு முன் உரிமத்தைப் பாருங்கள்: ஆர்மீனியாவின் ஏ1 பிளஸ் வழக்கு

ஒரு தனியார் டிவி சேனலின் உரிமையாளர் யார் என்று கேட்டால், பெரும்பாலானோர் உடனே கம்பெனிப் பதிவேட்டைத் திறந்து பங்குதாரர் பெயரைத் தேடுவார்கள். அது தவறில்லை. ஆனால் கோபுரத்திலிருந்து வீட்டு ஆண்டெனாவுக்கு வரும் தரைவழி ஒளிபரப்பில் பங்கைவிட உரிமம்தான் கனமானது. நூறு சதவீதப் பங்கையும் கையில் வைத்துக்கொண்டே ஒரே நாளில் சேனலை இழக்க முடியும். ஆர்மீனியாவில் அப்படித்தான் நடந்தது.

தலைநகர் யெரெவானின் ஏ1 பிளஸ் சேனல் 1991இல் தொடங்கியது. அதை நடத்தியவர் மெஸ்ரோப் மொவ்செஸ்யான். திரையில் தெரிந்த பெயர் ஏ1 பிளஸ். சட்டத்தின் கண்ணில் இருந்தது மெல்டெக்ஸ் என்ற நிறுவனம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் சேனல் உரிமையைத் தேடுவோர் செய்யும் முதல் பிழை. சேனல் பெயரைத் தட்டினால் பதிவேட்டில் ஒன்றுமே வராது, அல்லது வேறு யாரோ வருவார்கள். ஆகவே முதலில் உரிமத்தில் அச்சான நிறுவனப் பெயரை எடுங்கள். அதே தாளில் இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கும்: எந்த அலைவரிசை, எந்தப் பகுதிக்கு, எந்தத் தேதி வரை. மூன்றாவதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை.

மெல்டெக்ஸுக்கு 1997இல் கிடைத்தது ஐந்தாண்டு உரிமம். அது முடிவதற்குள் 2000இல் புதிய ஒளிபரப்புச் சட்டம் வந்தது; உரிமம் வழங்க தேசியத் தொலைக்காட்சி வானொலி ஆணையம் அமைந்தது. உறுப்பினர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரையும் நியமித்தவர் குடியரசுத் தலைவர். ஆட்சியை விமர்சிக்கும் செய்திச் சேனலின் வாழ்வும் சாவும் அந்த ஒன்பது பேர் போடும் மதிப்பெண்ணில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

2002 பிப்ரவரியில் ஏ1 பிளஸ் பயன்படுத்திவந்த 37ஆம் அலைவரிசை போட்டிக்கு விடப்பட்டது. ஏப்ரல் 2 அன்று ஷார்ம் என்ற கேளிக்கைத் தயாரிப்பு நிறுவனம் வென்றதாக ஆணையம் அறிவித்தது. மறுநாளே ஏ1 பிளஸ் திரை இருண்டது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் இரண்டும் இருந்தன. கேமராவும் எடிட்டிங் அறையும் நிருபர்களும் பங்குப் பத்திரமும் அப்படியேதான் இருந்தன. போனது அலைவரிசை மட்டும்.

அதன் பிறகும் மெல்டெக்ஸ் வேறு அலைவரிசைகளுக்கு விண்ணப்பித்துத் தோற்றது. இங்கே கவனிக்க வேண்டியது முடிவின் வாசகத்தை. 'இன்னார் வென்றார்' என்பதோடு முடிவு நின்றுவிட்டது. மற்றவர் ஏன் தோற்றார் என்று ஒரு வரிகூட இல்லை; காரணம் எழுத வேண்டும் என்று அன்றைய சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. காரணம் எழுதாத முடிவை மேல்முறையீட்டில் எதை வைத்து உடைப்பது? உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்டன.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் ஆர்மீனியாவுக்குப் பொருந்தத் தொடங்கியதே 2002 ஏப்ரல் 26 அன்றுதான். அலைவரிசை பறிபோன முதல் போட்டி மூன்று வாரம் முந்தியது. ஆகவே அது நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. பிந்தைய நிராகரிப்புகளை வைத்துத்தான் வாதாட முடிந்தது. 2008 ஜூன் 17 அன்று தீர்ப்பு வந்தது: காரணம் சொல்லாமல் உரிமம் மறுத்தது கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும், அந்த ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவை மீறியது. இழப்பீடு 20,000 யூரோ, வழக்குச் செலவுக்கு 10,000 யூரோ. உரிமத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு சொல்லவில்லை. செய்தித் தலைப்புகளில் 'ஏ1 பிளஸ் வென்றது' என்று வந்ததைப் படித்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

தீர்ப்பு வந்த கொஞ்ச காலத்திலேயே, டிஜிட்டலுக்கு மாறப்போகிறோம் என்று சொல்லி, புதிய உரிமப் போட்டிகளை 2010 வரை நிறுத்திவைக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழில்நுட்பக் காரணம் முழுப் பொய் அல்ல. ஆனால் காலம் பொருந்திய அழகைப் பாருங்கள். 2010 டிசம்பரில் போட்டி நடந்தது. ஏ1 பிளஸ் மீண்டும் தோற்றது, இம்முறை ஆர்ம்நியூஸ் என்ற சேனலிடம். வேடிக்கை, 2012இல் அதே ஆர்ம்நியூஸின் ஒளிபரப்பில் ஒரு செய்தி நிகழ்ச்சியாகத்தான் ஏ1 பிளஸ் திரைக்குத் திரும்பியது. பெயர் ஒருவருடையது, உரிமம் இன்னொருவருடையது.

உரிமத்துக்கு அடுத்து கேட்க வேண்டியது: கோபுரம் யாருடையது? ஆர்மீனியாவில் ஒளிபரப்புக் கட்டமைப்பு அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. யெரெவானின் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்த டிவி கோபுரமும் அதில் சேர்த்தி. அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஓர் அலைவரிசை. டிஜிட்டலில் பல சேனல்களை ஒன்றாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் மல்டிபிளெக்ஸ். அதில் இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. டிஜிட்டல் வந்தால் இடம் பெருகும் என்பது பொது நம்பிக்கை. ஆர்மீனியாவில் தனியார் சேனல்களுக்கான இடம் சுருங்கியது, ஏனென்றால் இருந்தது ஒரே பொது மல்டிபிளெக்ஸ்.

இதற்கெல்லாம் பிறகுதான் பங்குப் பட்டியல். அதிலும் காகிதப் பெயரோடு நிற்காதீர்கள். கென்ட்ரான் சேனல் கோடீஸ்வர அரசியல்வாதி ககிக் சாருக்யானோடும், யெர்கிர் மீடியா சேனல் தாஷ்னாக் என்ற அரசியல் கட்சியோடும் சேர்த்தே பேசப்படுகின்றன. மேலாளர், விளம்பரம் பிடித்துத் தரும் நிறுவனம், கட்டட வாடகைக்குக் கையெழுத்துப் போட்டவர் என்று மூன்று பக்கமும் ஒரே குடும்பப் பெயர் வந்தால், பங்குதாரர் யாராக இருந்தாலும் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகளின் ஆவணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆட்சி மாறிய ஆண்டில் பங்கு கைமாறியிருந்தால் அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். ஆர்மீனியாவைப் பொறுத்தவரை அந்த ஆண்டு 2018.

2020 ஜூலையில் வந்த ஒலி-ஒளி ஊடகச் சட்டம் உரிமையாளர் விவரத்தையும் நிதி ஆதாரத்தையும் வெளிப்படுத்தச் சொல்கிறது. பழைய பதிவுகளை விட இன்று தேடுவது எளிது. ஆனாலும் அறிவிப்பில் இருக்கும் பெயரை உரிமத்தில் இருக்கும் நிறுவனப் பெயரோடு ஒப்பிட்ட பிறகே குறிப்பேட்டில் எழுதுங்கள்.